முதுகுன்றத்து வழியில் ஒரு யாழ்

(விருத்தாசலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில், 12 கிலோமீட்டர் அளவில், இராசேந்திரப்பட்டினம் என்ற ஊர் இருக்கிறது. தேவாரத்தில் அதன் பெயர் திருஎருக்கத்தம்புலியூர். கோயிலின் தலமரம் வெள்ளெருக்கு. ஏழாம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பாணர் குடியில் ஒருவர் பிறந்தார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் என்று சொல்கிறோம். மனைவி மதங்கசூளாமணியார், பாடினியார். அறுபத்துமூவரில் யாழைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர் இவர் ஒருவர்தான்.

விருத்தாசலத்துக்கு வந்து தேவாரம் பேசுகிறவர்கள், சுந்தரர் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த கதையைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் உங்களுக்கு அது பாட்டி சொல்லிக் கேட்டுப் பழகிய கதை. நான் எடுத்துக்கொள்வது அதைவிடச் சிறியது: முதுகுன்றம் என்று தேவாரம் சொல்லும் இந்த ஊருக்குச் சம்பந்தர் வரும் வழியில் பாடிய ஒரு பதிகம். 11 பாட்டு. ஓதுவார் நிதானமாகப் பாடினாலும் அதிக நேரம் பிடிக்காது. அது நடையில் பிறந்தது. பிறந்தபோது பக்கத்தில் ஒரு யாழ் இருந்தது. அதன் மெட்டு மற்ற ஊர்ப் பாட்டுகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டது. பிற்பாடு மெட்டே தொலைந்துபோய், மறுபடியும் எருக்கத்தம்புலியூர்க் குடியில்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. இவ்வளவும் இந்தச் சின்னப் பதிகத்துக்குள் கிடக்கிறது.

முதல் திருமுறையில் 12ஆவது பதிகம் அது. பண் நட்டபாடை. கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் முதுகுன்றத்தை அடைவோம் என்ற அழைப்போடு முடிகிறது. ஊருக்குள் வந்து கோபுரத்தடியில் நிற்கிறவர் ‘அடைவோம்’ என்று சொல்ல மாட்டார். பாடியவர் இன்னும் வழியில் இருக்கிறார். கூட ஆட்கள் இருக்கிறார்கள். கால் வலிக்கிறவர்களும் அவர்களில் இருக்கலாம். சேக்கிழாரும் இதை இப்படித்தான் படித்திருக்கிறார். முதுகுன்றை நெருங்கும்போது வழியில் பாடியது என்று பெரியபுராணத்தில் இதற்கு இடம் குறித்திருக்கிறார். முதல் பாட்டிலேயே முத்தாறு, நம் மணிமுத்தாறு, வந்து இறைவன் அடியில் விழுகிறது. ஊரைவிட ஆறு முந்திக்கொண்டு கண்ணில் படுவது நடந்து வருகிறவனுக்குத்தான் நேரும்.

பயணம் எப்படித் தொடங்கியது என்பதையும் சேக்கிழார் சொல்கிறார். யாழ்ப்பாணர் மனைவியோடு சீர்காழிக்குப் போய்ச் சம்பந்தரைப் பார்க்கிறார். பிள்ளையான சம்பந்தர் இருவரையும் கோயிலுக்கு அழைத்துப்போய் இறைவன் முன்னால் வாசிக்கச் சொல்கிறார். கேட்கிறார். நீங்கள் பாடும் பதிகங்களை எல்லாம் நான் யாழில் வாசித்துக்கொண்டே உடன் வர வேண்டும் என்று பாணர் கேட்க, பிள்ளை இசைகிறார். அப்புறம் தில்லை. தில்லையில் பாணர் இன்னொன்று கேட்கிறார்: நிவா நதிக்கரையில் என் ஊர் இருக்கிறது, அந்தப் பக்கத்துத் தலங்களையும் கும்பிட வேண்டும். நிவா என்பது வெள்ளாறு. ஆக, சம்பந்தர் இந்தப் பக்கம் வந்ததே ஒரு யாழ்க்காரர் தம் ஊரைக் காட்ட ஆசைப்பட்டதால்தான். முதுகுன்றத்துப் பதிகத்துக்கு அந்த ஆசையும் ஒரு காரணம். இதை நம் தலபுராணப் பேச்சாளர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

எருக்கத்தம்புலியூர் வந்ததும் பாணர், இதுதான் அடியேன் பிறந்த ஊர் என்கிறார். உங்களைப் பெற இந்த ஊர் என்ன தவம் செய்ததோ என்று பிள்ளை பதில் சொல்கிறார். சொல்லும்போது அவர் பாணரை ‘ஐயர்’ என்று அழைப்பதாகச் சேக்கிழார் எழுதுகிறார். அந்தணப் பிள்ளை, பாணரை. பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழ அரசின் அமைச்சராக இருந்த ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் அந்த வழியில் உண்மையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை 500 ஆண்டு கழித்து எழுதியவரை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சேக்கிழார் எதைச் சொல்ல விரும்பினார் என்பது தெளிவு.

அங்கிருந்து முதுகுன்றம். பிறகு பெண்ணாகடம். பிறகு நெல்வாயில் அரத்துறை, இன்றைய திருவட்டத்துறை. அதுவரை பிள்ளையைத் தந்தையார் அவ்வப்போது தோளில் சுமந்து வந்தார். அரத்துறைக்குப் போகும்போது பிள்ளை தோளில் ஏற மறுத்துக் கீழே நடந்தார்; பாதம் நொந்தது. மாறன்பாடியில் இரவு தங்கினார்கள். மறுநாள் முத்துச்சிவிகை கிடைத்தது. அதற்குப் பிறகு சம்பந்தரின் பயணம் பல்லக்குப் பயணம். எனவே முதுகுன்றத்துப் பதிகம் சிவிகைக்கு முந்தியது, மண்ணுக்குப் பக்கத்தில் பாடியது.

நம் பகுதியில் வழியில் பிறந்த பதிகம் இது ஒன்று மட்டுமில்லை. சுந்தரர் முதுகுன்றத்துக்கு வந்துகொண்டிருக்கிறார். எதிரே ஒரு கிழவர். முதுகுன்றத்துக்கு எது வழி என்று சுந்தரர் கேட்கிறார். இந்த வழி கூடலையாற்றூருக்குப் போகிறது என்று சொல்லிவிட்டுக் கிழவர் காணாமல் போகிறார். வெள்ளாறும் மணிமுத்தாறும் சேருகிற ஊர் கூடலையாற்றூர். அங்கே சுந்தரர் பாடியது புறநீர்மைப் பண். அடிகள் இந்த வழியே வந்த அதிசயத்தை அறியாமல் போனேனே என்பதுதான் பாட்டு முழுக்க. வழி கேட்டதும் வழி சொன்னதும் பதிகமாகிவிட்டன. இந்த இரண்டு ஆற்றுக்கும் நடுவில் நடந்தவர்களுக்கு எப்படியோ பாட்டு வந்திருக்கிறது.

யாழும் நடையும் சேர்ந்தே இருந்தவை என்பதற்குச் சங்க இலக்கியம் சாட்சி. ஆற்றுப்படை என்கிற வகையே நடந்து போகிற கலைஞரைப் பற்றியது. பரிசில் பெற்று வருகிற ஒருவர், பசியோடு எதிரில் வருகிற இன்னொருவருக்கு வழி சொல்கிறார். முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வருகின்றன: பத்தர், அதன் மேல் இழுத்துத் தைத்த தோல், ஆணி, வளைந்த கோடு, கோட்டில் கட்டிய திவவு, நரம்பு. அந்த யாழில் பாலைப் பண் வாசித்தால் வழிப்பறிக் கள்வர்கள் கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிடுவார்கள் என்கிறார் புலவர். பாலை வழியில் தனியாகப் போகிற பாணர் கூட்டத்துக்கு இது சாதாரண நம்பிக்கையாக இருந்திருக்காது. அரசவையைப் பார்ப்பதற்கு முன்னால் கள்வர்களைக் கடக்க வேண்டும்.

யாழை வீணையோடு குழப்பிக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீணையில் ஒரே தந்தியை மெட்டு மெட்டாக அழுத்திப் பல சுரங்களை எடுக்கலாம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டலாம். யாழில் நரம்பு கோட்டிலிருந்து பத்தருக்கு நேராக, வெறும் காற்றில், இழுத்துக் கட்டியிருக்கிறது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஒரு நரம்பை மீட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் முந்தியது பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். கமகம் கிடைக்காது, அதற்குப் பதிலாக ஒலி ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கும். இன்னொரு வசதி உண்டு. சுருதியை மாற்றாமல், தொடங்கும் நரம்பை மட்டும் மாற்றிக்கொண்டால் வேறு பாலை பிறக்கும். நம் பழைய இசைநூல்கள் பாலை திரிதல் என்று சொல்வது இதைத்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கருவி கையைவிட்டுப் போனது ஒரே நாளில் நடக்கவில்லை. மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சியில் வீணை வாசிப்பவரும் யாழ் வாசிப்பவரும் தனித்தனியாக வருகிறார்கள். இரண்டும் சேர்ந்து வாழ்ந்த காலம் அது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட இராசராசன் நியமித்தவர்களின் பட்டியல் கல்வெட்டில் இருக்கிறது: பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இந்த 50 பேரில் யாழ் வாசிப்பவர் யாரும் இல்லை. யாழோடு பிறந்த பதிகத்தை யாழில்லாமல் பாடத் தொடங்கிவிட்டோம். பர்மாவில் மட்டும் சவுங் என்ற வில்யாழ், படகு வடிவப் பத்தரோடு, இன்றும் அரங்கில் இருக்கிறது. நம்முடையது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.

இனி மெட்டுக்கு வருகிறேன். முதல் திருமுறையின் முதல் 22 பதிகங்களும் நட்டபாடை. அவற்றில் 10ஆவது திருவண்ணாமலைப் பதிகம். கார்த்திகை தீபத்தன்று எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்பீர்கள். 12ஆவது நம் முதுகுன்றத்துப் பதிகம். இரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். சந்தம் ஒன்றே. அண்ணாமலைப் பாட்டின் மெட்டு உங்களுக்கு வாயில் வருமானால் முதுகுன்றத்துப் பாட்டை இப்போதே பாடிவிடலாம். ஒரு அசை கூட இடிக்காது. நடுவில் இருக்கும் 11ஆவது, வீழிமிழலைக்கு உரியது, அதுவும் அப்படியே. 13ஆவது வியலூர்ப் பதிகமும் அதே அளவுதான். பண்ணுக்குள் இப்படி அமையும் பாட்டு அளவைக் கட்டளை என்றார்கள். ஒரு கட்டளை கைவந்தால் அதில் அமைந்த எல்லாப் பதிகமும் கைவந்த மாதிரி. ஊர் ஊராகப் போகிற குழுவுக்கு, அதுவும் பின்னால் யாழ் வாசித்துக்கொண்டு வருகிறவருக்கு, இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

சேக்கிழார் தரும் பயண வரிசையை நம்பினால் முதுகுன்றம் முந்தி, அண்ணாமலை வெகுவாகப் பிந்தி. ஆகவே கடன் கொடுத்த ஊர் நம்முடையது. அண்ணாமலைக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் வட்டி கேட்க மாட்டோம்.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க எனக்கு உங்கள் பீங்கான் பொம்மைத் தொழிலே போதும். பொம்மைக்கு முதலில் ஒரு மாஸ்டர் செய்கிறீர்கள். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுக்கிறீர்கள். களிக்குழம்பை ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. ஓரத்தில் மண் படிகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு உலர்ந்ததும் பொம்மையை எடுக்கிறீர்கள். அதே அச்சில் வருகிற பிள்ளையாருக்கு ஒருவர் பச்சை வேட்டி கட்டுகிறார், ஒருவர் சிவப்பு. யாரும் இரண்டாவது பிள்ளையாரைக் களவு என்று சொல்வதில்லை. ஆனால் அச்சு ஊற்ற ஊற்றத் தேயும். முகத்தின் கூர்மை மழுங்கும். அப்போது மாஸ்டர் கையில் இருந்தால் புது அச்சு எடுக்கலாம். மாஸ்டர் உடைந்து போயிருந்தால்? கிடைக்கிற பொம்மைகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குக் கை தெரிந்த ஆள் வேண்டும். தேவாரப் பண்ணுக்கு நேர்ந்தது இதுதான். அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

மெட்டைக் கடன் வாங்குவதில் தமிழுக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது கோட்டையில் ஆங்கிலேய பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நொட்டு சுவரம் என்கிறோம். ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற பாட்டைப் பாடினால் பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு வரும். ராஜா இருந்த இடத்தில் தீட்சிதர் அம்பாளை உட்கார வைத்துவிட்டார். பாரதி இன்னும் ஒரு படி போனார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரத்தில் ஆண்டை நந்தனைத் திட்டுகிற பாட்டு ஒன்று உண்டு. அந்த மெட்டையே எடுத்து, சுதந்திரம் கேட்கும் இந்தியனை வெள்ளைக்காரன் திட்டுவது போலத் ‘தொண்டு செய்யும் அடிமை’ எழுதினார். அன்றைய வாசகருக்கு மெட்டு காதில் விழுந்தவுடன் ஆண்டையின் குரல் கேட்டிருக்கும். வெள்ளைக்காரன் யார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. சொல்லைவிட மெட்டு அதிகம் பேசிய இடம் அது.

இதில் நான் மதிப்பது இன்னொன்றும் உண்டு. பாரதி எந்தப் பாட்டின் வர்ணமெட்டு என்று தலைப்பிலேயே எழுதினார். நாடகப் பாட்டுப் புத்தகங்களும், முச்சந்தியில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற குஜிலிப் புத்தகங்களும் அதைச் செய்தன. மட்டமான தாளில், எழுத்துப் பிழையோடு அச்சடித்தவர்கள்கூட மெட்டுக் கடனைக் கணக்கில் எழுதினார்கள். மெட்டை வாங்குவதில் குறையே இல்லை என்பது என் கட்சி. யாரிடம் வாங்கினோம் என்பதை எழுதாமல் விட்டதில்தான் எனக்கு வழக்கு. அந்த வழக்கு முதுகுன்றத்துப் பதிகத்தின் மேலும் இருக்கிறது. சொல் சம்பந்தருடையது, கடைசிப் பாட்டில் அவர் பெயர் நிற்கிறது. இசையில் பாதி யாருடையது?

இந்தக் கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்துவிட்டது. காரைக்காலுக்குப் பக்கத்துத் தருமபுரம் யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். அங்கே அவருடைய உறவினர்கள், பதிகத்துக்கு உலகத்தில் இவ்வளவு பெயர் வந்ததே நீங்கள் யாழில் வாசிப்பதால்தான் என்று பாணரிடம் சொல்கிறார்கள். பாணர் பதறிப்போய், யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் கேட்கிறார். அவர் பாடியதுதான் யாழ்மூரிப் பதிகம். பாணர் வாசித்துப் பார்க்கிறார், முடியவில்லை. யாழை உடைக்க ஓங்குகிறார். பிள்ளை அதைக் கையில் வாங்கி, கருவிக்கு வந்த அளவு வாசியுங்கள் என்று திருப்பிக் கொடுக்கிறார். அந்தக் கோயிலில் இறைவனுக்கே யாழ்மூரிநாதர் என்று பெயர்.

பேச்சாளர்கள் இந்தக் கதையைப் பாணரின் அடக்கத்துக்குச் சொல்வார்கள். எனக்கு அந்த உறவினர்கள் மேல் ஒரு தனி மரியாதை. இசைக் குடும்பத்துக்காரர்கள் அவர்கள். மெட்டில் தங்கள் பிள்ளையின் கை எவ்வளவு என்று காதால் அறிந்து சொன்னார்கள். சொன்ன நேரம்தான் தப்பு. யாழில் ஏன் அடங்கவில்லை என்பதற்கு நான் முன்பு சொன்ன காரணமே போதும் என்று நினைக்கிறேன்: சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் குரல் வழுக்கிப் போகும் பாட்டை, நரம்புக்கு ஒரு சுரம் உள்ள கருவி பிடிக்க முடியாது. இன்று ஓதுவார்கள் யாழ்மூரியை அடாணாவில் பாடுகிறார்கள். அடாணாவை வயலினிலும் வீணையிலும் தினமும் வாசிக்கிறார்கள். கருவியில் அடங்காத பாட்டு என்று பெயர் வாங்கியது கச்சேரி ராகமாகிவிட்டது. நட்டபாடையைக் கம்பீர நாட்டையிலும் எருக்கத்தம்புலியூர்ப் பதிகத்தின் குறிஞ்சிப் பண்ணை அரிகாம்போதியிலும் பாடுகிற இன்றைய வழக்கையும், இதே எச்சரிக்கையோடுதான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணர் கோயில்களில் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் விட்டுவிடக் கூடாது. மதுரையில் வாசலில் நின்று பாடிய அவரை உள்ளே அழைக்க இறைவனே தொண்டர்களுக்குக் கனவில் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே போனதும் அவருக்குப் பொற்பலகை இடச் சொல்லி வானில் ஒரு குரல். காரணம், தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்புக் கட்டுத் தளரும் என்பது. இந்தக் காரணத்தை எழுதிய சேக்கிழாருக்கு யாழைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது. திருவாரூரில் பாணருக்காக வடக்கே தனி வாயில் ஒன்று வகுக்கப்பட்டது. பக்திக் கதையாகப் படித்தால் கருணை. ஊர்க் கதையாகப் படித்தால் மற்ற வாயில் வழியாக ஏன் போகவில்லை என்று கேட்கத் தோன்றும். இரண்டு விதமாகவும் படிக்கலாம், படிக்க வேண்டும்.

இனி மாஸ்டர் உடைந்த கதை. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன, நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் போய்த் திறந்தார்கள், கறையான் அரித்தது போக மிஞ்சியதை எடுத்தார்கள் என்று உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. மன்னன் முதலாம் இராசராசன் என்று கொள்வது வழக்கம். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எப்படிப் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் ஒரு பெண் இருக்கிறாள் என்று அசரீரி. அந்தப் பெண்ணைத் தில்லைக்கு அழைத்து வந்தார்கள். அவள் பாடிக் காட்டினாள். எந்தப் பண்ணுக்கு எத்தனை கட்டளை என்று அந்தப் புராணம் கணக்குக் கொடுக்கிறது. அது அவள் கொடுத்த கணக்கு.

அவள் பெயரை நூல் சொல்லவில்லை. கட்டளையை எண்ணி எண்ணி எழுதியவருக்கு ஒரு பெயர் எழுத ஓலையில் இடமில்லை. நான் திருமுறை வெளியீடுகளைப் புரட்டும்போது ஒவ்வொரு பதிகத்தின் தலையிலும் ‘பண்’ என்று போட்டிருப்பதைப் பார்க்கிறேன். குஜிலிப் புத்தகத்தின் வர்ணமெட்டுக் குறிப்பு மாதிரி அதை ஒரு கடன் பத்திரமாக வாசித்துக்கொள்கிறேன். கடன் எழுதியிருக்கிறது, கொடுத்தவர் பெயர் மட்டும் இல்லை.

இதோடு ஒப்பிட ஐரோப்பாவில் ஒரு நிகழ்ச்சி உண்டு. அயர்லாந்திலும் யாழ்க்காரர்கள் வீடு வீடாக, ஊர் ஊராகப் போய் வாசித்தவர்கள். டர்லஃப் ஓ’கேரலன் என்ற கண் தெரியாத யாழ்க்காரர், 1738இல் இறந்தவர், குதிரையில் சுற்றிவந்து, தங்கிய வீட்டுக்காரர் பெயரில் சின்னச் சின்ன மெட்டுகள் அமைத்தார்; இத்தாலியப் பாணியிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். அந்த மரபு அழியப்போகிறது என்று தெரிந்ததும் 1792 ஜூலையில் பெல்பாஸ்ட் நகரில் மிஞ்சிய யாழ்க்காரர்களைக் கூட்டினார்கள். வந்தவர்கள் பத்துச் சொச்சம் பேர்; பலர் பார்வையற்றவர்கள். மெட்டுகளை எழுதிக்கொள்ள எட்வர்ட் பண்டிங் என்ற 19 வயது இளைஞரை நியமித்தார்கள். நகத்தால் கம்பி நரம்பை மீட்டும் பழைய முறையில் வாசித்தவர் அங்கே ஒருவர்தான், டெனிஸ் ஹெம்சன். வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. தில்லையில் நடந்ததும் பெல்பாஸ்டில் நடந்ததும் ஒரே வேலை. ஆனால் ஹெம்சன் பெயர் நமக்குத் தெரிகிறது.

தமிழில் யாழைத் திரும்ப நினைவுக்குக் கொண்டுவந்தவர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்கி, கணக்குப் போட்டு, பல ஆண்டு உழைத்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஜூலையில் அடிகள் காலமானார். அந்த நூலில் தேவாரவியல் என்று தனி இயலே இருக்கிறது. இந்த ஊர்க் கல்லூரி நூலகத்தில் அது இல்லாவிட்டால் வாங்கிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்; கணிதம் படித்தவர்களுக்கு அது தமிழ் படித்தவர்களைவிட எளிதாகப் புரியும். அண்மைக் காலத்தில் சென்னையில் தருண் சேகர் என்ற கருவி செய்யும் இளைஞர் ‘உரு’ என்ற தம் பட்டறையில் ஏழு நரம்பு யாழைச் செய்து வாசித்தும் காட்டியிருக்கிறார். அதில் பழைய பண்ணை மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சட்டம் பேசாமல் இருக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நவராத்திரிக்கு முன்னால் இங்கிருந்து கொலு பொம்மைகள் பல ஊர்களுக்கும் போகின்றன. நால்வர் செட் போகிறது, சங்கீத மும்மூர்த்திகள் போகிறார்கள். முதுகுன்றத்து வழி என்று ஒரு செட் செய்யுங்கள். தந்தை தோளில் பிள்ளை, கையில் பொற்றாளம். பக்கத்தில் யாழ்ப்பாணர், மதங்கசூளாமணியார். கூட இன்னொரு பெண்ணும் வேண்டும். காலம் வேறு என்று யாராவது ஆட்சேபிப்பார்கள். கொலுப்படியில் ராமரும் காந்தியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். அவள் பீடத்தில் எருக்கத்தம்புலியூர்ப் பெண் என்று எழுதுங்கள்.

யாழை மட்டும் சரியாகச் செய்ய வேண்டும். பல படங்களில் யாழ்ப்பாணர் கையில் வீணையைக் கொடுத்துவிடுகிறார்கள். யாழுக்கு மெட்டுப் பலகை கிடையாது, குடம் இரண்டு கிடையாது. வளைந்த கோடு தனி, பத்தர் தனி. கோட்டைத் தனி அச்சில் எடுத்துப் பாதி உலர்ந்த பதத்தில் பத்தரோடு ஒட்டலாம். சூளையில் வளைவு தொய்ந்துவிடாமல் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். திவவுக்கட்டுகளைக் கோட்டில் கோடு கோடாகவாவது காட்டுங்கள். நரம்பை மண்ணில் செய்ய முடியாது, சுட்ட பிறகு மெல்லிய கம்பிதான் கட்ட வேண்டும். அதற்கான ஏழு துளைகளையும் பச்சை மண்ணிலேயே, சுருங்குவதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிடுங்கள்.